ஒரு முகம் ஆயிரம் முகமாவது எப்படி?

இன்று காலையிலிருந்து எத்தனை முகங்களைப் பார்த்தீர்கள் என்று எண்ணிச் சொல்ல முடியுமா? நான் கேட்பது நேரில் பார்த்த மனிதர்களை அல்ல. படங்களில் உள்ள முகங்களை.

தங்கச்சிமடத்தில் வசிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கண் விழித்ததும் சுவரில் மாலையிட்ட தாத்தாவின் படம். அதனருகே மாதா படம் போட்ட நாட்காட்டி. கடைக்குப் போனால் ரூபாய் நோட்டில் காந்தியடிகள். பள்ளிக்கூடச் சுவரில் திருவள்ளுவர். அவருக்குப் பக்கத்தில் அப்துல் கலாம். பேக்கரும்புப் பக்கம் போனால், 2017 ஜூலை 27ஆம் நாள் திறக்கப்பட்ட கலாம் நினைவிடத்தில் அதே முகம் ஓவியமாகவும் ஒளிப்படமாகவும் சிலையாகவும் நிற்கிறது.

இந்த முகங்களுக்குச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒரே ஒருவர்தான். ஆனால் அவர்களுடைய படங்களோ ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் உள்ளன. முதலில் வரைந்த அல்லது எடுத்த படத்தை ‘மூலம்’ என்போம். அதைப் பார்த்து உண்டாக்கியவற்றைப் ‘படி’ என்போம். ஒரு மூலத்திலிருந்து இத்தனை படிகள் எப்படி வந்தன? படி எடுக்கும்போது முகத்தில் எது தங்குகிறது, எது போய்விடுகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் இயற்பியலும் வேதியியலும் தாமாகவே வந்து நம்முடன் சேர்ந்துகொள்ளும்.

சுவரில் ஒரு மன்னர்

தங்கச்சிமடத்தில் பேருந்து ஏறி, பாம்பன் பாலத்தைக் கடந்து, மண்டபம், உச்சிப்புளி வழியாகச் சென்றால் இராமநாதபுரம். ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். அங்கே சேதுபதி மன்னர்களின் அரண்மனை வளாகத்தில் ‘இராமலிங்க விலாசம்’ என்ற மண்டபம் உள்ளது. கிழவன் சேதுபதி காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கட்டடம் அது. இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

உள்ளே சுவர் முழுவதும் ஓவியங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் உருவம் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஓரிடத்தில் இராஜராஜேசுவரி அம்மன் அவருக்குச் செங்கோல் அளிக்கிறாள். ஓரிடத்தில் ஐரோப்பியர்கள் அவரைக் காண வருகிறார்கள். மற்றோரிடத்தில் தஞ்சை மராத்திய மன்னருடன் போர் நடக்கிறது. இராமாயண, பாகவதக் காட்சிகளும் உண்டு.

இத்தனை பேர் நிற்கும் கூட்டத்தில் மன்னர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆடையையும் அணிகளையும் பார்க்கவேண்டும். எல்லாவற்றையும்விட உருவத்தின் அளவைப் பார்க்கவேண்டும். மன்னர் பெரியவர், ஆகவே பெரிதாக வரைந்தார்கள். நம் கண்ணில் தொலைவில் உள்ளது சிறிதாகவும் அருகில் உள்ளது பெரிதாகவும் தெரியும். அந்த ஒளியியல் விதியை இந்த ஓவியர்கள் பின்பற்றவில்லை. அவர்களுடைய அளவுகோல் பதவி.

இன்னொன்றையும் கவனியுங்கள். முகத்தில் நிழல் இல்லை. வண்ணம் ஒரே சீராகப் பூசப்பட்டிருக்கிறது. உருவத்தைக் காட்டுவது அதைச் சுற்றிய கோடுதான். மூக்கின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு என்ற பேச்சே இல்லை.

இவை சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டிய ஓவியங்கள். சுண்ணாம்பு நமக்குப் புதியதா? சிப்பியையும் சங்கையும் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது நம் கடற்கரையின் பழைய தொழில் ஆயிற்றே! சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். இதைச் சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அது மெல்ல மெல்ல உட்கொண்டு, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். சிப்பி சுவராகி, மறுபடியும் சிப்பியாகிவிட்டது என்றே சொல்லலாம்.

பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணப் பொடியைத் தீட்டினால், இறுகும் சுண்ணாம்பு அந்தப் பொடியைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். பூச்சு காய்ந்தபின் தீட்டுவதானால் பசையோ பிசினோ சேர்க்கவேண்டும். சுவரோவியங்களில் இந்த இரண்டு முறைகளும் உண்டு. எப்படியானாலும் சுவரோவியத்துக்கு ஒரு குறை இருக்கிறது. அதைக் காண மக்கள்தான் அங்கே போகவேண்டும். அது மக்களிடம் வராது.

முகத்துக்கு நிழல் வந்தது

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலிருந்து எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் தீட்டுவது பரவியது. ஆளிவிதை எண்ணெயில் வண்ணப் பொடியைக் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசுவார்கள். ஓவியர்கள் ஏன் எண்ணெயை விரும்பினார்கள்? இதற்கு விடை உங்கள் ஊர்க் கடற்கரையிலேயே கிடக்கிறது.

கடற்கரையில் உலர்ந்த கூழாங்கல் ஒன்றை எடுங்கள். வெளிறிப்போய் இருக்கும். அதைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். உடனே நிறம் ஆழமாகி, கோடுகளும் புள்ளிகளும் பளிச்சென்று தெரியும். கல் மாறவில்லை, ஒளி செல்லும் வழி மாறியிருக்கிறது. உலர்ந்த கல்லின் சொரசொரப்பான பரப்பில் வெள்ளொளி நாலாபக்கமும் சிதறி, கல்லின் உண்மையான நிறத்தோடு கலந்து அதை வெளிறச் செய்கிறது. நீர் படிந்ததும் சிதறல் குறைகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1. நீரின் எண் 1.33. கல்லின் எண்ணுக்கு நீர் காற்றைவிட நெருக்கமானது. இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்கள் எவ்வளவு நெருங்குகின்றனவோ, அவ்வளவு குறைவாகவே ஒளி அவற்றின் எல்லையில் சிதறும். ஆளிவிதை எண்ணெயின் எண் சுமார் 1.48. அது நீரைவிட இன்னும் நல்ல துணை. நீரைப்போல் அது ஆவியாகிப் போவதுமில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டியான படலமாகிவிடுகிறது. ஆகவேதான் எண்ணெய் ஓவியத்தின் நிறங்களுக்கு ‘நனைந்த கல்லின்’ ஆழம் எப்போதும் இருக்கிறது. மெதுவாகக் காய்வதால் வெளிச்சத்தையும் நிழலையும் ஒன்றோடொன்று இழைத்துவிடவும் ஓவியருக்கு நேரம் கிடைக்கிறது.

இந்தக் கலை நம் பக்கம் வந்து சேர்ந்த கதையில் மதுரைக்கும் இடம் உண்டு. மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு திருவிதாங்கூர் அரண்மனையில் ஓவியராக இருந்தார். அவரிடம் பயின்றவர் ராஜராஜ வர்மா. அவருடைய மருமகன்தான் 1848இல் கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா. திருவனந்தபுரத்துக்கு 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவர் எண்ணெய் வண்ணம் தீட்டுவதை அருகில் நின்று பார்க்க இளைஞர் ரவி வர்மாவுக்கு அனுமதி கிடைத்தது. பார்த்தே கற்றார். 1873இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவருடைய படம் பரிசு பெற்றது.

இனி ஒரு புதிர். காந்தியடிகளின் படமோ தாத்தாவின் படமோ, நீங்கள் அறையில் எங்கே நின்றாலும் உங்களையே பார்ப்பதுபோல் தோன்றியிருக்குமே? மாயம் ஒன்றுமில்லை. உண்மையான முகத்தைச் சுற்றி நடந்தால், முதலில் இரண்டு கண்களும், பிறகு ஒரு கண்ணும், பிறகு காதும் தெரியும். படம் தட்டையானது. பக்கத்தில் நின்று பார்த்தால் படம் முழுவதும் ஒரே சீராக ஒடுங்குமே தவிர, கருவிழி கண்ணின் நடுவில் இருந்த இடத்தைவிட்டு நகராது. ஓவியர் நேராகப் பார்க்கும் கண்ணை வரைந்திருந்தால், அது எல்லாத் திசையிலும் நேராகவே பார்க்கும். பக்கவாட்டில் பார்க்கும் முகத்தை வரைந்திருந்தாலோ, எங்கே நின்றாலும் அது உங்களைப் பார்க்காது.

கல்லில் அச்சான முகம்

எண்ணெய் ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் ஒரு படம் ஒரு வீட்டில்தான் தொங்கும். ரவி வர்மாவின் படங்களைப் பலர் கேட்டார்கள். ஒரு மனிதர் எத்தனைதான் தீட்டுவார்? திவானாக இருந்த டி. மாதவராவ் 1884இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாக எடுத்துவரலாம் என்பது அவர் யோசனை. பிறகு ரவி வர்மா பம்பாயில் சொந்தமாகவே ஓர் அச்சகம் தொடங்கினார். ஜெர்மானியத் தொழில்நுட்பர்களின் உதவியோடு 1894இல் சகுந்தலை பிறப்பைக் காட்டும் படம் முதலில் அச்சாகி வந்தது.

அந்த அச்சு முறைக்குக் கல்லச்சு என்று பெயர். ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்பவர் 1796இல் கண்டுபிடித்தது. அதற்கு அடிப்படை உங்கள் வீட்டு அடுக்களையிலேயே தெரிந்த ஓர் உண்மை: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது.

நன்கு தேய்த்து மழமழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப்பசையுள்ள கோலால் படம் வரைவார்கள். பிறகு, நம் ஊர்க் கருவேலத்துக்கு உறவான மரத்தின் பிசினோடு சிறிது அமிலம் கலந்து பூசுவார்கள். இதனால், படம் இல்லாத இடங்கள் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் தன்மை பெறுகின்றன. இப்போது கல்லை நீரால் நனைத்து, எண்ணெய் மை தோய்ந்த உருளையை அதன்மேல் ஓட்டினால் என்ன ஆகும்? ஈரமான இடத்தில் மை ஒட்டாது. பசையுள்ள கோட்டில் மட்டும் ஒட்டும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு வந்துவிடும். மறுபடி நனை, மறுபடி மை ஓட்டு, மறுபடி அழுத்து! ஒரே கல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் படிகள் கிடைக்கும்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் மெழுகுவர்த்தியால் ஒரு முகம் வரையுங்கள். ஒன்றும் தெரியாது. அதன்மேல் நீல மையை நீரில் கரைத்துத் தூரிகையால் தடவுங்கள். தாள் நீலமாகும், முகம் வெள்ளையாக வெளிப்படும். இங்கே மை நீரில் கரைந்தது. ஆகவே மெழுகு அதை விலக்கியது. கல்லச்சில் மை எண்ணெயால் ஆனது. ஆகவே நீர் அதை விலக்குகிறது. கொள்கை ஒன்றே.

சுவரோவியத்தைத் தாங்கியதும் கால்சியம் கார்பனேட், படிகளைப் பெருக்கியதும் அதே கால்சியம் கார்பனேட்! சுண்ணாம்பு இரண்டு வேலையும் செய்திருக்கிறது.

வண்ணப் படத்துக்கு ஒரு கல் போதாது. ஒரு நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். ஒரு படத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட கற்களும் தேவைப்படலாம். ஒவ்வொரு முறையும் தாள் இம்மியும் பிசகாமல் அதே இடத்தில் அமரவேண்டும். பிசகினால் உதட்டின் சிவப்பு கன்னத்தில் விழும்! இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சில் இடம் வலமாக மாறும். கல்லில் நேராக வரைந்துவிட்டால், வலக்கையில் வாள் ஏந்திய மன்னர் தாளில் இடக்கைக்காரராகிவிடுவார். ஆகவே கல்லில் வரைபவர் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரையவேண்டும். நீங்கள் எங்கேனும் இரண்டு படிகளில் ஒரே முகம் எதிரெதிர்ப் பக்கம் திரும்பியிருக்கக் கண்டால், காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் இந்தப் படிகளின் உலகம் சிவகாசியைச் சுற்றி வளர்ந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளாகி வீடுவீடாகச் சென்றன. இவருடைய மாணவர்களும் அதே பாணியில் வரைந்தார்கள். உங்கள் பாட்டி வீட்டுப் பூசை அறையில் உள்ள பழைய படத்தின் அடியில் உள்ள கையெழுத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

புள்ளிகளின் வித்தை

இப்போது ஆஃப்செட் அச்சில் கல்லுக்குப் பதில் அலுமினியத் தகடு வந்துவிட்டது. எண்ணெய்–தண்ணீர்ப் பகை மட்டும் அப்படியே இருக்கிறது. தகட்டிலிருந்து படம் முதலில் ரப்பர் உருளைக்கும், அதிலிருந்து தாளுக்கும் செல்கிறது. இருமுறை திரும்புவதால் இட வலச் சிக்கலும் தீர்ந்தது.

ஆனால் ஒரு கேள்வி. கறுப்பு மை என்றால் கறுப்புத்தான். அது சாம்பல் நிறத்தை எப்படித் தரும்? தாத்தாவின் நெற்றியில் உள்ள மெல்லிய நிழலை எப்படிக் காட்டும்?

செய்தித்தாளில் உள்ள ஒரு படத்தின்மேல் கண்ணாடித்தாள் ஒன்றை வைத்து, அதில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். குவிந்த நீர்த்துளி ஒரு பூதக்கண்ணாடி. அதன் வழியே பாருங்கள்; முகம் காணாமல் போய்விடும்! வெறும் புள்ளிகள்தான் இருக்கும். இருண்ட இடத்தில் பெரிய புள்ளிகள், வெளிச்சமான இடத்தில் சிறிய புள்ளிகள். சாம்பல் நிறம் தாளில் இல்லை. கறுப்புப் புள்ளியையும் வெள்ளைத் தாளையும் சேர்த்துச் சாம்பலாகக் கொள்வது நம் கண்.

ஏன் அப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். செய்தித்தாளில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 85 வரிசைப் புள்ளிகள் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஆக இரண்டு புள்ளிகளுக்கு இடையே 0.3 மில்லிமீட்டர். நலமான கண் பிரித்தறியும் கோணம் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தொலைவில் அந்தக் கோணத்துக்கு உரிய நீளமும் சுமார் 0.3 மில்லிமீட்டரே. ஆகவே செய்தித்தாளைக் கையில் வைத்து உற்றுப் பார்த்தால் புள்ளி தெரியும். ஒரு மீட்டருக்கு அப்பால் வைத்தால் புள்ளி மறைந்து முகம் தோன்றும். இரண்டு அங்குலச் சதுரத்தில் உள்ள ஒரு முகத்துக்கு 170 × 170 = 28,900 புள்ளிகள். அவ்வளவுதான் அந்த முகத்தைப் பற்றி அந்தத் தாளுக்குத் தெரியும்!

இந்தப் புள்ளி அச்சை ஆராய்ந்து மேம்படுத்தியவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. கல்கத்தாவைச் சேர்ந்த உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைப் பற்றி ஆங்கிலேயரின் அச்சுத்தொழில் ஆண்டிதழில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். குழந்தைகளுக்காக அவர் எழுதிய நூல்களில் படங்கள் தெளிவாக அச்சாகவில்லையே என்ற கவலைதான் அவரை இந்த ஆராய்ச்சியில் இறக்கியது.

வண்ணப் படத்துக்குச் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள் போதும். நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. அந்த மூன்றையும் வேண்டிய அளவில் தூண்டிவிட்டால் கண் மற்ற நிறங்களையும் கண்டதாக உணர்கிறது. கைப்பேசித் திரையிலும் இதே வித்தைதான். அங்கே சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளிப்புள்ளிகள்.

படி இழப்பதும் காப்பதும்

இப்போது நம் முதல் கேள்விக்கு வரலாம். ஒவ்வொரு படியும் மூலத்தில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறது, சிலவற்றை விட்டுவிடுகிறது. சுவரில் உயரமாக நிற்கும் சேதுபதி புத்தகத்தில் விரல் உயரம் ஆகிவிடுகிறார். அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் உள்ள அளவு வேறுபாட்டின் மிடுக்கு தாளில் குறைந்துவிடுகிறது. எண்ணெய் அடுக்குகளின் ஆழத்தை நான்கு மைகளால் முழுதும் தர முடியாது. புள்ளிகளுக்கு இடையே விழுந்த நுணுக்கங்கள் திரும்பி வரமாட்டா. ஒரு படியைப் பார்த்து இன்னொரு படி எடுத்தால், இழப்பு மேலும் கூடும்.

சில சமயம் படி, மூலத்தைவிட அதிகம் சொல்வதும் உண்டு. லியனார்டோ டா வின்சியின் ‘மோனா லிசா’ பாரிசில் இருக்கிறது. அதன் பழைய படி ஒன்று ஸ்பெயின் நாட்டில் மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. அகச்சிவப்புக் கதிர்கள் மேல்வண்ணத்தை ஊடுருவி அடிக்கோடுகளைக் காட்டும். அப்படிப் பார்த்தபோது, மூலத்தில் லியனார்டோ செய்த திருத்தங்கள் படியிலும் இருந்தன. அவர் திருத்தத் திருத்த, மாணவர் ஒருவர் பக்கத்திலேயே வரைந்துகொண்டிருந்தார் என்று தெரிந்தது. படியின் பின்னணியில் பிற்காலத்தில் பூசப்பட்டிருந்த கறுப்பை நீக்கி 2012இல் காட்சிக்கு வைத்தார்கள். பழுப்பேறிய மெருகின் அடியில் மூலத்தில் மங்கிக் கிடக்கும் நிறங்கள் எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் படி இன்று சொல்கிறது.

படிகள் பெருகிவிட்டன என்பதற்காக அவற்றை அப்படியே சான்றாகக் கொள்ளவும் கூடாது. திருவள்ளுவரின் முகத்தை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அந்த முகம் ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மாவின் கற்பனை. 1964இல் சட்டமன்றத்தில் அந்தப் படத்தை அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேன் திறந்துவைத்தார். வள்ளுவரைக் கண்டு வரைந்தவர் எவருமில்லை. ‘இந்த மூலம் யாரைப் பார்த்து வரையப்பட்டது?’ என்று கேட்பது ஒரு நல்ல அறிவியல் பழக்கம்.

படிக்கும் ஆபத்து உண்டு. அஜந்தா குகை ஓவியங்களைப் படி எடுக்கச் சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் 1844இல் நியமிக்கப்பட்டார். ஆண்டுக்கணக்கில் உழைத்து அவர் வரைந்த படிகளில் பெரும்பாலானவை 1866இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் எரிந்துபோயின. பிறகு ஜான் கிரிஃபித்ஸ் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களுடன் 1872 முதல் 1885 வரை மீண்டும் படி எடுத்தார். அவற்றிலும் பல 1885இல் இலண்டனில் தீக்கிரையாயின. படி எடுக்கும்போது தெளிவுக்காகச் சுவரில் பூசிய மெருகு நாளடைவில் பழுத்து, மூலத்தையும் கெடுத்தது. ரவி வர்மா அச்சகம் 1899இல் லோனாவாலா அருகே மளவலிக்கு இடம் மாறியிருந்தது. அதுவும் 1972இல் தீப்பிடித்து அழிந்தது. ஆயினும் ரவி வர்மா அச்சுகள் இன்றும் கிடைக்கின்றன. எப்படி? அவை ஆயிரம் வீடுகளில் தனித்தனியே இருந்தன. ஒரே இடத்தில் குவித்துவைத்த படிகள் ஒரே தீயில் போயின. பல இடங்களில் பரவிய படிகள் பிழைத்தன.

உப்பும் படமும்

நம் கடற்கரைக்கு இது வெறும் பழங்கதை அல்ல. 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. வீட்டோடு போன படங்களில், வேறெங்கும் படி இல்லாதவை என்றென்றைக்குமாகப் போயின. அந்த முகங்களை இனி எந்த அறிவியலாலும் மீட்க முடியாது.

புயல் வராத ஆண்டுகளிலும் ஒரு பகைவன் ஓசையில்லாமல் வேலை செய்கிறான். அவன் பெயர் உப்பு. கடற்காற்று உப்புத் துகள்களைக் கொண்டுவந்து சுவரிலும் சட்டத்திலும் படியவைக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கரைசலாகிறது; குறைந்தால் மீண்டும் படிகமாகிறது. கரைசல் சுவரின் நுண்துளைகளுக்குள் புகுந்து, அங்கே படிகமாக வளரும்போது பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. நாள்தோறும் நனைந்து உலர்ந்து, சுண்ணாம்பு பொரிந்து உதிரும். அதன்மேல் உள்ள வண்ணமும் உடன் உதிரும். உங்கள் தெருவில் பழைய வீட்டுச் சுவர் பொரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். சுவரோவியம் எங்கே இருந்தாலும் ஈரமும் உப்பும் அதற்குப் பகைதான். இராமலிங்க விலாசத்திலும் முந்நூறு ஆண்டுகளில் பல இடங்கள் மங்கியும் சிதைந்தும் உள்ளன.

நாம் என்ன செய்யலாம்? இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, வீட்டில் உள்ள பழைய படங்களுக்குப் படி எடுங்கள். இன்று ஒரு கைப்பேசி போதும். படத்தை மேசையில் தட்டையாக வைத்து, கைப்பேசியை அதற்கு நேர் மேலே இணையாகப் பிடியுங்கள். சாய்த்தால் முகம் ஒரு பக்கம் ஒடுங்கும். பளிச்சிடும் விளக்கைப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் 45 பாகை சாய்வில் வெளிச்சம் வரட்டும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? பக்கவாட்டில் வரும் ஒளி மறுபக்கம் தெறித்துப் போய்விடும். கைப்பேசியின் வில்லைக்குள் வந்து கண்ணைப் பறிக்காது. படத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் மூலத்தின் அளவும் பதிவாகும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். பெயர் தெரியாத முகம் பாதி தொலைந்த முகம். பிறகு ஒரு படியை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள்.

இரண்டாவது, மூலத்தைப் போய்ப் பாருங்கள். ஒரு விடுமுறை நாளில் ஆசிரியருடன் இராமநாதபுரம் செல்லுங்கள். சுவரைத் தொடாதீர்கள்; விரலில் எண்ணெய்ப்பசை உண்டு, வியர்வையில் உப்பும் உண்டு. சேதுபதி எத்தனை இடங்களில் வருகிறார் என்று எண்ணுங்கள். அவருடைய உயரம் பக்கத்தில் நிற்பவரைப்போல் எத்தனை மடங்கு என்று கண்ணால் அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். எங்கே வண்ணம் உதிர்ந்திருக்கிறது என்பதையும் ஒரு வரைபடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நாளும் தேதியும் போட மறக்காதீர்கள். பத்து ஆண்டுகள் கழித்து இன்னொரு மாணவர் அதே சுவரின் முன் நிற்கும்போது, எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்ல அந்தக் குறிப்பு அவருக்கு உதவும்.